தாய்வழிச் சாப்பாடு

மலாக்கா நீரிணையில் அலை பெரிதாக எழுவதில்லை. மேற்கே சுமத்ரா தீவு நீண்டு கிடந்து இந்தியப் பெருங்கடலின் வேகத்தை வாங்கிக்கொள்கிறது. கரையோரம் சேறு கலந்த மணல், ஆழம் குறைந்த பழுப்புத் தண்ணீர். மலாக்கா நகரத்தை ஒட்டிய உஜோங் பாசிரில், போர்த்துக்கீசிய வழிவந்த கிறிஸ்தாங் மக்களின் குடியிருப்புக்கு எதிரே, மார்பளவுத் தண்ணீரில் ஒருவர் நடந்துகொண்டிருந்தார். இரண்டு நீண்ட கழிகளைக் குறுக்காகக் கட்டி, இடையில் கண் நெருங்கிய வலையைப் பொருத்தியிருந்தார். அதை முன்னால் தள்ளிக்கொண்டே போவார். கொஞ்ச நேரம் கழித்துத் தூக்கி உதறுவார். வலையின் மடியில் இளஞ்சிவப்பாக ஒரு பிடி துள்ளும். அதைத் தோளில் தொங்கும் கூடையில் போட்டுவிட்டு மறுபடி நடப்பார்.

அந்த ஒரு பிடிதான் கெராகாவ். நம் கடற்கரைச் சந்தைகளில் கூனி என்று காயவைத்து விற்கிறார்களே, அந்த இனத்துப் பொடி இறால். உரிக்க முடியாது, தனியாகப் பொரித்துத் தின்னவும் முடியாது. ஆனால் மலேசிய வீடுகளில் இரவுச் சாப்பாடு இந்தப் பொடி இறாலிலிருந்துதான் தொடங்குகிறது.

மலேசியச் சாப்பாடு என்றதும் நமக்குக் கடைச் சாப்பாடே நினைவுக்கு வரும். வாழையிலையில் மடித்த நாசி லெமாக், கல்லில் வீசிப்போடும் ரொட்டி சானாய், இழுத்து ஆற்றும் தே தாரிக். எல்லாம் நல்லவைதான். ஆனால் எந்த நாட்டையும் அதன் கடைத்தெரு பாதிதான் சொல்லும். வேலை முடிந்து வந்த மனிதர்கள் தம் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் என்ன சமைத்து வைக்கிறார்கள் என்பதில் மீதி இருக்கிறது. அந்த மீதியைப் பார்க்கவே மலாக்காவிலிருந்து உள்நாட்டுப் பக்கமாக, நெகிரி செம்பிலானின் கோலா பிலாவை நோக்கிப் புறப்பட்டேன். செரம்பானில் பிறந்து வளர்ந்த தமிழ்த் தோழி உடன் வந்தாள். அவளுடைய அம்மாவோடு ஒரே பள்ளியில் ஆசிரியராக இருந்த மலாய் அம்மையார் ஒருவரின் வீட்டில்தான் எங்களுக்கு இரவுச் சாப்பாடு.

போகும் வழியில், கரையோரக் குடிசைத் தொழிலாகப் பெலாச்சான் செய்யும் ஒரு வீட்டில் நின்றோம். கெராகாவைக் கழுவி உப்புச் சேர்த்து வெயிலில் பரப்புகிறார்கள். ஈரம் குறைந்ததும் இடித்து, தொட்டியில் அழுத்தி மூடிப் புளிக்க விடுகிறார்கள். பிறகு மறுபடி வெயில், மறுபடி இடி. ஒவ்வொரு சுற்றிலும் நிறம் ஆழ்ந்து, இளஞ்சிவப்பு ஊதாவாகி, கடைசியில் கரும்பழுப்பாகிறது. இறாலின் புரதம் சிதைந்து அமினோ அமிலங்களாக மாறுவதால்தான் அந்த ஆழ்ந்த சுவை வருகிறது. அவசரப்பட்டால் வராது. கட்டியாக அச்சில் போட்டெடுத்த பெலாச்சான் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். அதே கெராகாவை உப்போடும் சோற்றோடும் கலந்து சில நாள் புட்டியில் அடைத்தால் சின்சாலோக். மலாக்காவுக்கே பேர்போன தொடுகறி. சின்ன வெங்காயமும் மிளகாயும் நறுக்கிப்போட்டு எலுமிச்சை பிழிந்தால் போதும், பொரித்த மீனுக்குத் துணையாகிவிடும்.

அந்த வீட்டுப் பாட்டி பெலாச்சான் கட்டியை ஒடித்து முகரக் கொடுத்தார். மூக்கு முதலில் விலகியது, பிறகு தானாகவே திரும்பி வந்தது. நான்கு வில்லைகளைத் தாளில் சுற்றித் தோழியிடம் தந்து, “வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகக் கூடாது பிள்ளை” என்றார். கோலா பிலா வீட்டுக்கு எங்கள் சீர் அதுதான்.

மலாக்கா நகரத்துக்குள் நடப்பவர்களுக்கு வரலாறு கட்டடங்களாகத் தெரிகிறது. 1400-ஐ ஒட்டி பரமேசுவரா நிறுவிய துறைமுகம்; 1511-இல் அல்போன்சோ டி அல்புகெர்க்கின் படை பிடித்தது; 1641-இல் டச்சுக்காரர்களிடம் போனது; 1824 உடன்படிக்கையால் ஆங்கிலேயருக்கு வந்தது. துறைமுகம் செழித்திருந்த நாளில் இங்கே 84 மொழிகள் பேசப்பட்டதாகப் போர்த்துக்கீசியரான தோமே பிரேஸ் எழுதிவைத்திருக்கிறார். யுனெஸ்கோ 2008-இல் மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது.

கட்டடங்களைவிட எனக்கு அடுப்படி வரலாறு நெருக்கமாகப் பட்டது. 1511-க்கு முன் இந்த மண்ணின் குழம்புகளில் காரம் என்றால் மிளகும் திப்பிலியும் இஞ்சியும் தந்த காரம். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியக் கப்பல்கள் வழியே ஆசியத் துறைமுகங்களுக்கு வந்து இறங்கியது. பீரங்கியோடு வந்தவர்கள் போய்ச் சேர்ந்து பல நூற்றாண்டு ஆகிறது. அவர்களின் கோட்டையில் ஒரு வாசல் மட்டும் நிற்கிறது. மிளகாயோ இன்று தீபகற்பத்தின் ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் காய்க்கிறது. அது வெளியூர்ச் செடி என்று சொன்னால் எந்த மலாய்ப் பாட்டியும் நம்பமாட்டார், எந்தத் தமிழ்ப் பாட்டியும் நம்பமாட்டார்.

காஜா பெராங் பகுதியில் கம்போங் சிட்டி இருக்கிறது. சுல்தான்களின் காலத்திலேயே வணிகத்துக்கு வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள். வீட்டு மொழி மலாய், பெண்களின் மரபுடை சாரோங், கெபாயா, வழிபாடு சைவம். 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் இவர்களின் மரபோடு சேர்ந்தது. போகியன்று முன்னோருக்கு வாழையிலை விரித்துப் படைக்கிறார்கள். அந்த இலையில் சோறும் குழம்பும் உண்டு, பெலாச்சான் போட்ட சம்பாலும் உண்டு. தாய்மொழி கைநழுவிப்போன பிறகும் இலையின் மரபு கைவிட்டுப் போகவில்லை. சாப்பாடு எவ்வளவு தூரம் நினைவைச் சுமக்கும் என்பதற்கு இந்தச் சிறு தெருவைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது. அந்த இலையில் எது எங்கே வைக்க வேண்டும் என்று மகளுக்குத் தாய்தான் காட்டுகிறாள். மலாய்ச் சம்பாலை அந்த வீட்டுக்குள் கொண்டுவந்தவளும் ஒரு தாய்தானே.

தம்பினைத் தாண்டினால் கடற்கரை முடிந்து மேட்டு நிலம் தொடங்குகிறது. சாலையின் இருபுறமும் ரப்பர், பிறகு செம்பனை, மறுபடி ரப்பர். 1917-இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் வணிகப் பயிராக நடப்பட்ட செம்பனை இன்று நாட்டின் சமையல் எண்ணெயாகிவிட்டது. அதற்கு முந்தைய தலைமுறை பொரித்தது தேங்காயெண்ணெயில். மரங்கள் விலகும் இடங்களில் பள்ளத்தாக்கு தெரியும். ஒரு காலத்தில் அந்தப் பள்ளங்களெல்லாம் நெல் வயல். வயலை ஒட்டி மேட்டில் வீடு, வீட்டைச் சுற்றித் தென்னை, பின்னால் பழமரங்கள், அதற்கும் பின்னால் காடு. பல இடங்களில் வயல் தரிசாகிவிட்டது. வீடுகள் மட்டும் அதே மேட்டில் நிற்கின்றன.

கோலா பிலா சிறிய ஊர். நெகிரி செம்பிலானின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டான மார்ட்டின் லிஸ்டரின் நினைவாகச் சீனர்கள் எழுப்பிய வளைவு ஒன்று ஊர் நடுவே நிற்கிறது. சீனச் சிற்ப வேலைப்பாடு, ஆங்கிலேயப் பெயர், மலாய் ஊர். காலைச் சந்தையில் அந்தக் கலப்பு இன்னும் நெருக்கமாகத் தெரிந்தது. சீன அம்மாள் தோஃபுவும் பயறு முளையும் விற்கிறார். தமிழர் ஒருவர் கறிவேப்பிலையும் முருங்கையும் கட்டுக்கட்டாக வைத்திருக்கிறார். மலாய்ப் பெண்கள் தரையில் சாக்கு விரித்து, தம் கொல்லையிலிருந்து பறித்ததை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மஞ்சள் இலை, எலுமிச்சைப்புல், பாண்டான் இலை, இளஞ்சிவப்பு மொட்டாகப் புங்கா காந்தான், கட்டிய பெத்தாய்க் காய், கேசும் இலை, மரவள்ளிக் கொழுந்து.

உலாம் என்று தனிக் குவியலே இருந்தது. பச்சையாகவோ லேசாக வாட்டியோ சம்பாலில் தொட்டுத் தின்னும் இலைகளும் காய்களும். நம் வல்லாரையை அங்கே பெகாகா என்கிறார்கள். சிறகவரை, முந்திரிக் கொழுந்து, மாங்காய் வாசம் வீசும் உலாம் ராஜா. ஒவ்வொன்றிலும் ஒரு துவர்ப்பு, ஒரு கசப்பு. வயலுக்கும் காட்டுக்கும் நடுவே வாழ்ந்தவர்களின் பச்சிலை அறிவு அந்தச் சாக்கின் மேல் குவிந்து கிடந்தது. அதைப் பள்ளியில் யாரும் கற்றுத் தரவில்லை. தாயோடு கொல்லைக்குப் போய், எதைக் கிள்ளலாம், எதைக் கிள்ளக் கூடாது என்று பார்த்துப் பழகிய அறிவு.

புகைபோட்ட கெளுத்தி மீன் வாங்கினோம். விறகுப் புகையிலும் தேங்காய் மட்டைப் புகையிலும் மெதுவாக வாட்டியது. கருத்து, சுருங்கி, எடையில்லாமல் இருந்தது. குளிர்ப்பெட்டி வருவதற்கு முன் வயலிலும் ஓடையிலும் பிடித்த மீனைக் காப்பாற்ற அடுப்பின் மேல் பரணில் வைத்த வழக்கம், இன்று சுவைக்காகவே தொடர்கிறது. காசு கொடுக்க நீட்டிய ரிங்கிட் தாளிலிருந்து துவாங்கு அப்துல் ரகுமான் பார்த்தார். 1957-இல் சுதந்திர மலாயாவின் முதல் மாமன்னரானவர். அவர் பிறந்த ஊர்தான் எங்கள் அடுத்த நிறுத்தம்.

ஸ்ரீ மெனாந்தியின் பழைய அரண்மனை முழுக்க மரம். 1902-இல் தொடங்கி 1908-இல் முடித்த அந்தக் கட்டடத்தில் இரும்பு ஆணி இல்லை; மரத்தை மரத்தில் கோத்தே அடுக்கடுக்காக உயர்த்தியிருக்கிறார்கள். 99 தூண்கள், இனக்குழுக்களின் 99 வீரர்களைக் குறிப்பவை. 1931 வரை அரச குடும்பம் இங்கே வாழ்ந்தது. கூரையின் முனைகள் லேசாக மேல்நோக்கி வளைந்திருப்பதைப் பார்த்தால் நீரிணைக்கு அப்பால் சுமத்ராவின் மேற்கு மலைநாடு நினைவுக்கு வரும். இந்த மாநிலத்து மலாய் மக்கள் அங்கிருந்து வந்த மினாங்கபாவ் வழியினர். 1773-இல் தங்களுக்கு அரசர் வேண்டுமென்று அங்கே ஆளனுப்பி ராஜா மெலேவாரை அழைத்துவந்தார்கள். இன்றும் இந்த மாநிலத்தின் ஆட்சியாளரை உண்டாங்குகள் எனப்படும் நான்கு மரபுத் தலைவர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள். தந்தைக்குப்பின் மகன் என்று தானாக அமைவதில்லை.

ஆனால் இந்த நாட்டின் உண்மையான அரசுரிமை வீட்டுக்குள் இருக்கிறது. அடாட் பெர்பாத்தே என்ற மரபுச் சட்டப்படி குலம் தாய் வழியாக வருகிறது. பன்னிரண்டு குலங்கள், பிள்ளை தாயின் குலம். ஒரே குலத்துக்குள் மணம் கிடையாது. மணமானதும் ஆண் மனைவியின் ஊருக்குப் போகிறான். பூர்விக வீடும் நிலமும் தாயிடமிருந்து மகளுக்கு. 1909-இல் ஆங்கிலேய ஆட்சி இந்த நிலவுரிமையைத் தனிச் சட்டமாக எழுதிப் பதிந்தது. ஆகவே ஒரு பாட்டி நட்ட தென்னையின் தேங்காயைப் பேத்திதான் பறிக்கிறாள். ஒரு தாய் ஊன்றிய மஞ்சளின் இலையை மகள்தான் கிள்ளுகிறாள். மருமகள் வந்து மாமியாரின் அடுப்பைப் பழகிக்கொள்ளும் ஏற்பாடு இங்கே இல்லை. அடுப்பும் கொல்லையும் கைப்பக்குவமும் ஒன்றாகவே கைமாறுகின்றன. அரண்மனையில் பார்த்ததையெல்லாம்விட இந்தச் செய்திதான் அன்று மாலை சமையலறையில் என் கண்ணைத் திறந்தது.

வீடு தூண்களின் மேல் நின்றது. முன்புறம் படிக்கட்டு ஏறிக் கூடம்; அங்கிருந்து சில படி இறங்கினால் பின்கட்டில் அடுப்படி. மக்சிக் என்று நாங்கள் அழைத்த அந்த அம்மையார் வாசலில் காத்திருந்தார். தோழி குனிந்து அவருடைய கையை இரு கைகளாலும் பற்றி நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். “அம்மா எப்படி இருக்கிறாள்? மூட்டுவலி தேவலையா?” என்று விசாரித்துவிட்டு, பெலாச்சான் பொட்டலத்தை வாங்கி முகர்ந்து, “கடற்கரைச் சரக்கு” என்று முகம் மலர்ந்தார். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் அவர் மகளும் வார இறுதிக்கு வந்திருந்தாள். இந்த வீடு அவளுக்கு உரியது. மக்சிக்கின் கணவர் பக்சிக் கொல்லையில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். மணமாகி இந்த ஊருக்கு வந்து நாற்பது வருடத்துக்கு மேலாகியும், “நான் இந்த வீட்டு மாப்பிள்ளை” என்றே தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார்.

மக்சிக் முதலில் அரிசியைக் கழுவி வைத்தார். பிறகு எங்களைக் கொல்லைக்கு அழைத்துப்போனார். மஞ்சள் இலை இரண்டு, எலுமிச்சைப்புல் ஒரு கட்டு, ஊசி மிளகாய் ஒரு கைப்பிடி, தண்டை ஒட்டிக் கொத்துக்கொத்தாகத் தொங்கும் பிலிம்பிக்காய், பக்கத்து வேலியிலிருந்து வல்லாரை. சந்தையில் வாங்கியது கானாங்கெளுத்தியும் புகைமீனும் மட்டுமே.

சமையல் நான்கு பொருள்: சோறு, ஒரு குழம்பு, ஒரு பொரியல் மீன், உலாமும் சம்பாலும். நாள்தோறும் குழம்பும் மீனும் மாறும், அமைப்பு மாறுவதில்லை. குழம்பு கொழுப்பும் காரமுமாக இருந்தால் உலாம் துவர்ப்பும் கசப்பும் தந்து அதை அறுக்கிறது. மீன் மொறுமொறுப்பையும் உப்பையும் கொண்டுவருகிறது. சம்பால் எல்லாவற்றையும் எழுப்புகிறது. நடுவில் வெள்ளைச் சோறு எதையும் சொல்லாமல் எல்லாவற்றையும் ஏற்கிறது.

அன்றைய குழம்பு, இந்த மாநிலத்தின் முத்திரையான மசாக் லெமாக் சிலி அப்பி. மகள் தரையில் அமர்ந்து கல்லுரலில் ஊசி மிளகாயையும் பச்சை மஞ்சளையும் இடித்தாள். மக்சிக் தேங்காய் துருவியபடி, திரும்பிப் பார்க்காமலே, “இன்னும் கொஞ்சம்” என்றார். உலக்கைக் கல்லின் ஓசை கனத்து மாறியதும் “போதும்” என்றார். எத்தனை இடி என்று எந்தச் சமையல் புத்தகமும் சொல்ல முடியாத பாடம், ஒரே அறையில் தாயும் மகளும் இருந்ததால் நடந்தது.

முதல் பாலைத் தனியே எடுத்துவைத்து, இரண்டாம் பாலில் இடித்த விழுதைக் கரைத்தார். எண்ணெயும் தாளிப்பும் இல்லை. நசுக்கிய எலுமிச்சைப்புல், கிழித்து முடிச்சிட்ட மஞ்சள் இலை, புகைமீன். அடுப்பில் வைத்ததும் அகப்பையைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கவே இல்லை. தேங்காய்ப்பால் கொதித்துத் திரிந்தால் எண்ணெய் தனியே பிரிந்துவிடும். ரெண்டாங் என்ற இறைச்சிக் கறிக்கு அந்தப் பிரிதல் வேண்டும். எண்ணெய் கக்கி, வற்றி, இறைச்சியைப் பிடித்துக்கொள்ளும்வரை மணிக்கணக்கில் கிளற வேண்டும். இந்தக் குழம்புக்கு அது கூடாது. சிறு தீயில், ஓயாத கிளறலில் பால் உடையாமல் கெட்டிப்படும். மஞ்சளின் நிறம் கொழுப்பில் கரையும் தன்மையது. ஆகவே குழம்பு நம் கண்ணெதிரே வெளிறிய நிலையிலிருந்து பொன்னாக ஏறியது. பிலிம்பிக்காயைப் போட்டு, கடைசியில் முதல் பாலை ஊற்றி, ஒரு கொதி வருமுன் இறக்கினார். பிலிம்பி காய்க்காத மாதங்களில் வெயிலில் உலர்த்திய அசாம் கெப்பிங் சில்லுகள் புளிப்புத் தரும். அவையும் பரணில் டப்பாவில் இருந்தன.

கானாங்கெளுத்தியைக் கீறி மஞ்சளும் உப்பும் தடவி வைத்திருந்தார்கள். அதைப் பொரித்தது பக்சிக். அந்த வேலை அவருடையதாம், மணமான புதிதிலிருந்தே. எண்ணெய் அடங்கிய பிறகுதான் புரட்ட வேண்டும், முன்னால் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும் என்று எனக்குக் காட்டினார்.

பெலாச்சானை மக்சிக் நேரடியாகத் தணலில் காட்டினார். வீடு முழுக்க அந்த மணம் எழுந்தது. கருவாடு சுட்ட வீட்டில் வளர்ந்த எவருக்கும் பசி கிளறும் மணம். பச்சை வாடை போய் வறுத்த வாசனை வந்ததும் சிவப்பு மிளகாயோடு கல்லுரலில் இடித்து, சிறு நாரத்தை போன்ற லிமாவ் கஸ்தூரியைப் பிழிந்தார். உப்பு சேர்க்கவில்லை, அது கடற்கரையிலேயே சேர்க்கப்பட்டுவிட்டது.

அரிசி கழுவியதிலிருந்து சம்பால் தட்டில் விழும்வரை ஒரு மணி நேரம்தான் இருக்கும். இவ்வளவு எளிதா என்று வியந்தபோதுதான் எனக்குத் தெளிவானது. எளிமையாகத் தெரிந்த இந்தச் சாப்பாட்டின் பெரும்பகுதி வேலை முன்பே முடிந்திருக்கிறது. கெராகாவை யாரோ வெயிலில் பரப்பி, இடித்து, பொறுத்திருந்தார்கள். மீன் புகையில் பல மணி நேரம் கிடந்தது. அசாம் சில்லுகளை யாரோ ஒரு வேனிலில் உலர்த்தினார்கள். தென்னையை மக்சிக்கின் தாய் நட்டார். மஞ்சள் கிழங்கு அதற்கும் முந்தையவரின் பாத்தியிலிருந்து பிரித்து ஊன்றியது. அந்த ஒரு மணி நேரம், பல பெண்களின் பல ஆண்டு உழைப்பின் கடைசி மணி நேரம். ஏழைச் சாப்பாடு என்று இதைச் சொல்வது பெரிய பிழை. ஒரு பரம்பரைச் சொத்தின் வட்டியை அன்றாடம் எடுத்துச் சாப்பிடுகிறார்கள்.

மாலைத் தொழுகை முடிந்து எல்லாரும் வந்தார்கள். கூடத்தில் தாழை இனத்து மெங்குவாங் ஓலைப்பாய் விரித்து, நடுவே பாத்திரங்களை வைத்தார்கள். ஓலையில் முடைந்த கூம்பு மூடியை எடுத்ததும் ஆவி எழுந்தது. கைகழுவக் கெண்டியும் கிண்ணமும் கைமாறி வந்தன. ஆண்கள் சம்மணமிட்டு, பெண்கள் கால்களை ஒருபுறமாக மடக்கி உட்கார்ந்தார்கள். மக்சிக்கின் வயதான தாய்க்கு முதல் சோறு. அவர் இறைவன் பெயரைச் சொல்லிக் கை வைத்த பிறகே மற்றவர்கள் தொட்டார்கள்.

யாருக்கும் தட்டு நிறையப் பரிமாறவில்லை. எல்லாம் நடுவில் இருக்கிறது. ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டு, மறுபடி எடுத்துக்கொள்கிறார்கள். மீனின் கன்னச் சதையைப் பேரப்பிள்ளைக்கு எடுத்து வைத்தன பக்சிக்கின் விரல்கள். வல்லாரையைச் சுருட்டிச் சம்பாலில் தொட்டு, பொன்னிறக் குழம்பில் நனைந்த சோற்றோடு வாயில் போட்டேன். காரம் நேரே ஏறியது. அதன் பின்னால் புகை. அதன் பின்னால் தேங்காயின் இனிப்பு. கசப்பு வந்து நாவைத் துடைத்து அடுத்த கவளத்துக்கு இடம் விட்டது. பாட்டி என் தட்டைக் கவனித்துக்கொண்டே இருந்தார். மறுசோறு வாங்கியபோதுதான் அவர் முகத்தில் நிறைவு வந்தது.

மறுநாள் புக்கிட் புத்துஸ் மலைவழியைக் கடந்து செரம்பான் இறங்கினோம். தோழியின் அம்மா ரப்பர்த் தோட்டத்து லயன் வீட்டில் பிறந்தவர். அவருடைய இரவுச் சாப்பாட்டில் சோறு, ரசம், பொரித்த மீன், கீரை, பெலாச்சான் போட்ட நெத்திலிச் சம்பால். அமைப்பு மலைக்கு அந்தப் பக்கம் கண்டதேதான். ஒரு குழம்பு, ஒரு பொரியல், ஒரு பச்சை, ஒரு சம்பால். “தோட்டத்துல இருந்தப்ப கம்பத்து மலாய்க்கார அம்மாதான் எங்கம்மாவுக்குச் சம்பால் இடிக்கச் சொல்லிக் குடுத்தது. எங்கம்மா அவங்களுக்கு ரசம் சொல்லிக் குடுத்தாங்க” என்றார். ஜப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரை அரிசி இல்லாமல் மரவள்ளியைத் தின்று இரு வீட்டாரும் பிழைத்ததையும், மரவள்ளிக் கொழுந்தை வேகவைத்துச் சம்பாலில் தொட்டுத் தின்னும் வழக்கம் தன் தாய்க்கு அப்போது உறுதிப்பட்டதையும் சொன்னார். அந்தக் கொழுந்து அன்றும் அவர் தட்டில் இருந்தது. பஞ்ச காலத்துக் கைமருந்தாக வந்தது, விருப்பச் சாப்பாடாகத் தங்கிவிட்டது.

2024-இல் யுனெஸ்கோ மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் என்று பல இனத்தவர் ஒரே மேசையில் பகிரும் அந்தக் காலைக்கு அந்தப் பெருமை தகும். வீட்டு இரவுச் சாப்பாட்டுக்கு அப்படிப் பட்டியல் எதுவும் காவல் இல்லை. நகரத்து அடுக்குமாடிகளில் இரு பெற்றோரும் வேலைக்குப் போகிறார்கள். இரவுச் சந்தையில் ஞெகிழிப் பையில் கட்டிய குழம்பு மலிவாகக் கிடைக்கிறது. தேங்காய்ப்பால் அட்டைப்பெட்டியில் வருகிறது. நேரம் இல்லாதவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் விட்டுப்போவது அந்தக் கடைசி ஒரு மணி நேரம் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. அதற்குப் பின்னால் உள்ள பாத்தியும் பரணும், ஓசை கேட்டே பதம் சொல்லும் காதும் சேர்ந்தே போகின்றன. சமையல் குறிப்பை எழுதிவைக்கலாம். கொல்லையை எழுதிவைக்க முடியாது. யாராவது வளர்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

கோலா பிலா மகள் அதைப் புரிந்துகொண்டிருக்கிறாள். கோலாலம்பூர் வீட்டு மாடத்தில் அம்மாவின் பாத்தியிலிருந்து பிரித்த மஞ்சளைத் தொட்டியில் வைத்திருப்பதாகச் சொன்னாள். வார நாட்களில் வேலை முடிந்து வந்து, அந்த இலையைக் கிழித்துப் போட்டுப் பிள்ளைகளுக்கு இதே குழம்பை வைக்கிறாளாம். தேங்காய்ப்பால் பெட்டியிலிருந்து வருகிறது, இலை அவள் வளர்த்தது. மஞ்சள் வளர்க்கக் கடினமான செடியும் இல்லை. முளைவிட்ட கிழங்கு ஒன்றும் ஓரளவு வெயிலும் இருந்தால், சில மாதங்களில் இலை கிள்ளலாம். பூர்விக நிலம் இல்லாத நகரத்துப் பெண் ஒருத்தி தன் மகளுக்குக் கொடுக்கக்கூடிய பூர்விகச் சொத்து, இன்றைக்கு அந்தத் தொட்டி அளவில் தொடங்கலாம்.